சீலைத் துண்டு கட்டிய இரண்டு தேசி மரங்கள்

இனிமையான அனுபவம் ஒன்றை எழுதித் தாருங்கள் என்று கேட்டு அந்தப் பிள்ளைகள் மூன்று தடவை என் வாசலுக்கு வந்துவிட்டார்கள். விவசாயக் கந்தோரில் மலர் ஒன்று போடுகிறார்களாம். அதற்கு ஓய்வுபெற்றவர்களின் இனிமை வேண்டுமாம். முப்பத்தைந்து வருடம் வெயிலிலும் வெள்ளத்திலும் சைக்கிள் மிதித்தவனிடம் இனிமையைக் கேட்டால் அவன் எங்கே போய்த் தேடுவான்?

மூன்றாம் தடவை வந்தபோது வர்ணத்தில் அச்சடித்த துண்டுப்பிரசுரம் ஒன்றைக் காட்டினார்கள். தேசி, தோடை என்று எலுமிச்சை, ஆரஞ்சுச் சாதி மரங்களின் இலை மஞ்சளித்து, காய் சூம்பி, கொப்புக் கொப்பாக மரம் சாகிற நோயைப் பற்றியது. அந்த நோயைக் காவித் திரிகிற பூச்சியின் படமும் பெரிதாக்கிப் போட்டிருந்தது. தலையைக் கீழே வைத்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, ஒரு குருத்தில் குந்தியிருந்தது அந்தச் சனியன்.

"சேர், இந்தப் பூச்சி உங்கட காலத்தில இருந்திச்சா?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! பிள்ளை என்ன செய்யும், பாவம். பூச்சி இருந்தது மகள். அதைக் கண்டவரும் ஒருவர் இருந்தார். அதைக் கண்டவர் சொன்னதைக் கேட்ட மடையனும் ஒருவன் இருந்தான். அவன்தான் இதை எழுதுகிறான். இனிமை இல்லை என்று இதை வெட்டிவிடாமல் போடுவதென்றால் போடுங்கள்.

நான் மருதமுனை ஆள். எங்கள் வீட்டில் தறி ஓடியது. எனக்கு நூலில் கை படியவில்லை. எஸ்.எஸ்.சி. எழுதிவிட்டு, விவசாயப் பாடசாலையில் இரண்டு வருடம் மண்ணையும் எருவையும் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தேன். ஐம்பதுகளின் நடுவில் ஓவசியர் என்ற பெயரோடு கல்முனைக்கு வந்தேன். காக்கிக் காற்சட்டை ஒன்று, தவணைக்கு வாங்கிய சைக்கிள் ஒன்று, நிரந்தரமாகாத உத்தியோகம் ஒன்று. பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு மேலே இருந்தவர் கனகசபை ஐயா. விவசாயப் போதனாசிரியர், யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த நெடிய மனிதர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி தொங்கும். அதைக் கண்ணில் வைப்பதற்கு முன்னால் லேஞ்சியை எடுத்து மூன்று தரம் துடைப்பார். இரண்டு தரம் துடைத்துவிட்டுப் பார்த்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. மழை தூறினாலும் துடைப்பார். வேறொருவர் அதைத் தொட விடமாட்டார். மேசையில் சிவப்புப் பென்சில் ஒன்று எப்போதும் கூராக இருக்கும். எங்கள் அறிக்கைகளை மூன்று பிரதி எழுதிக் கொடுக்கவேண்டும். அவர் மூன்றையும் வாசிப்பார். மூன்றிலும் ஒரே இடத்தில் ஒரே கோட்டைக் கிழிப்பார்.

அவருடைய வேதம் ஒன்றுதான். "கண்டதை எழுதும் காணும். கேட்டதை எழுதாதையும்."

இதை நான் படித்த விதத்தைச் சொல்லவேண்டும். சவளக்கடைப் பக்கத்து வயற்காரர் இரண்டு பேர் கந்தோருக்கு ஓடிவந்து, பத்து ஏக்கர் வேளாண்மையை மயிர்க்கொட்டி தின்றுவிட்டது, மருந்து தாருங்கள் என்று ஒப்பாரி வைத்தார்கள். நானும் இரக்கப்பட்டு, பத்து ஏக்கர் நாசம் என்று எழுதி நீட்டினேன்.

"ஆர் கண்டது?"

"வயற்காரர் சொன்னாங்க ஐயா."

"நீர் கண்டனீரோ?"

ஐயா கையைக் காட்டினார், சைக்கிளை நோக்கி. கொட்டுகிற மழை. சவளக்கடைக்குப் போய், முழங்கால் சேற்றில் இறங்கி, வரம்பு வரம்பாகப் பார்த்தால் ஒரு மூலையில் ஒரு பாய் அகலத்துக்குத்தான் தின்றிருந்தது. மருந்து இலவசம் என்று கேள்விப்பட்டு மனிதர்கள் ஏக்கரைக் கூட்டியிருக்கிறார்கள்! நனைந்த கோழியாகத் திரும்பி வந்து உண்மையை எழுதினேன். ஐயா தன் தேநீரை என் பக்கம் தள்ளிவிட்டார். அந்த மனிதனைப் பற்றி நான் இனிச் சொல்லப்போவதையெல்லாம் வாசிக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தோடங்கன்றுகளின் கதைக்கு வருகிறேன்.

நான் வேலைக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், வெளியூர் நாற்றுமேடை ஒன்றிலிருந்து ஒட்டுத் தோடங்கன்றுகள் வந்து இறங்கியிருந்தன. வீட்டுத்தோட்டத் திட்டம். பந்தல் போட்டு, மாலை போட்டு, ஒரு பெரியவர் கையால் கன்று கொடுத்தார்கள். அந்தப் படம் ஐயாவின் கதிரைக்குப் பின்னால் சட்டம் போட்டுத் தொங்கியது. ஒவ்வொரு கன்றிலும் நம்பர் வெட்டிய தகரத் துண்டு ஒன்று கம்பியால் கட்டியிருக்கும். சாய்ந்தமருதில் மீராசாயிபு காக்கா என்கிற கடைக்காரருக்கு மூன்று கன்று கிடைத்தது. மனிதன் அவற்றுக்கு மூங்கில் கூடு அடித்து, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் தகரத்தைக் காட்டுவார். மாதிரித் தோட்டம் என்று ஐயாவே அவருடைய வளவுக்குப் பெயர் வைத்திருந்தார்.

அவருடைய வளவுக்கும் அடுத்த வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி. அடுத்த வளவு செயினம்பு ராத்தாவுடையது. ராத்தா என்றால் எங்கள் பேச்சில் அக்கா. அவருடைய மாப்பிள்ளை, அதாவது புருசன், கரைவலைக்குப் போனவர், நெஞ்சு வலித்துக் கடற்கரையிலேயே மௌத்தாகிவிட்டார். இரண்டு பெண்பிள்ளைகள். ஆண் துணையென்றால் கடலுக்குப் போகிற தம்பி ஒருவர் மட்டும். வருமானமென்றால் வளவுக்குள் நின்ற ஒன்பது தேசி மரங்கள். அந்தப் பகுதியில் மீன்காரர், கடைக்காரர், கல்யாண வீட்டுக்காரர் எல்லாரும் அந்த மரத்துக் காயைத்தான் தேடி வருவார்கள். மெல்லிய தோல், கையில் அமத்தினாலே சாறு சிந்தும். காய் விற்றது போக மிஞ்சினதை ஊறுகாய் போடுவார். அந்த ஒன்பது மரம்தான் அவர்கள் மூவருடைய சோறு.

மாப்பிள்ளை மௌத்தான அந்த மாரியில் ராத்தா இத்தாவில் இருந்தார். எங்கள் சமூகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். புருசனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பாள். அந்நிய ஆண் முகம் பார்க்கமாட்டாள், அவனும் உள்ளே போகமாட்டான். எங்கள் ஊர்களில் அப்போது அது இரும்புக் கட்டு.

நான் மீராசாயிபு காக்காவின் தோடைகளைப் பார்க்கப் போயிருந்தேன். இலை மஞ்சளித்திருந்தது. சுற்றி வந்து, ஐயா காட்டித் தந்தபடி நாலு திசைக்கு ஒவ்வோர் இலையும் உச்சியில் ஓர் இலையும் பிடுங்கி, சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஆரு அது, விவசாயக் கந்தோர்த் தம்பியா?"

"ஓம் ராத்தா."

"என்ட தேசியிலயும் மூணுக்கு இந்தக் குணம்தான் தம்பி. இந்தாங்க, பாருங்க."

வேலிக்கு மேலால் ஓர் ஓலைப்பெட்டி வந்தது. கை தெரியவில்லை. பெட்டிக்குள் தேசி இலைகள்.

"நடு நரம்புக்கு இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் வேற மாதிரி மஞ்சளிச்சிரிக்கி பாத்தீங்களா? எருவு காணாட்டி ரெண்டு பக்கமும் ஒண்டு போலதானே வெளுக்கும்?"

நான் பார்த்தேன். ஓம், அப்படித்தான் இருந்தது. என் கையிலிருந்த தோடை இலையிலும் அப்படித்தான். இரண்டு வருடம் படித்த எனக்கு அது கண்ணில் படவில்லை.

"இதுக்குக் காரணம் ஒரு பூச்சி தம்பி. எள்ளு மாதிரிச் சின்னன். குருத்தில குந்தினா தலையைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கிக்கிட்டுக் கிடக்கும், தொழுகையில சுஜூது செய்யிற மாதிரி. அல்லா மன்னிக்கணும், அப்படித்தான் இரிக்கி. கோடையில எல்லாம் காய்ஞ்சு கிடக்கக்குள்ள என்ட கறிவேப்பிலையில கிடந்திச்சு. மழைக்குத் தேசி குருத்து விட்டதும் வந்து ஏறிட்டு. முதல்ல இந்தத் தோடையிலதான் கண்டன். வேலிக்குக் கிட்ட நிக்கிற என்ட மரங்களுக்குப் போன மாரியில வந்திச்சு. அதுகள்தான் இந்த மூணும். இந்த மாரியில கிணத்தடி மரம் ரெண்டில ஏறியிரிக்கி. மத்த நாலும் இன்னும் சுத்தம்."

அந்தப் பெண் ஒரே மூச்சில் சொன்ன கதையைச் சொல்லி முடிக்க இந்த உலகத்து விஞ்ஞானிகளுக்குப் பிறகு எத்தனை வருடம் எடுத்தது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் தலை கிறுகிறுக்கும். இத்தாவில் இருக்கிற பெண்ணுக்கு வேறென்ன வேலை? இத்தாவுக்கு முன்னாலும் அந்த வளவுக்குள் இருந்து மரத்தைத்தான் பார்த்தார். பார்த்ததைச் சொன்னார்.

"கிணத்தடி ரெண்டிலயும் சீலைத் துண்டு கட்டி வெச்சிரிக்கன் தம்பி. வாற மாரிக்கு அது ரெண்டும் மஞ்சளிக்கும். நீங்களே வந்து பாருங்க. என்ட மூணு மரத்தையும் கூடப்பிறந்த தம்பியைக் கொண்டு வெட்டப்போறன். கறிவேப்பிலையையும் வெட்டுவன். ஆனா இந்தத் தோடை மூணும் நிண்டா எல்லாம் வீண். இதை வெட்டச் சொல்லுங்க. என்ட நாலு மரமாவது மிஞ்சும்."

நான் மீராசாயிபு காக்காவைப் பார்த்தேன். மனிதன் முகம் வெளிறிப்போய் நின்றார்.

"என்ன ஓவசியர், வெளாட்டா? அது கவண்மெந்துக் கண்டு. நம்பர் அடிச்சிரிக்கி. கைவெச்சா மறியல்தான், புடிச்சி உள்ளுக்குப் போடுவாங்க. நீங்க கந்தோர்ல இருந்து கடுதாசி கொண்டுவாங்க, இப்பவே அடியோட வெட்டுறன். கடுதாசி இல்லாம ஒரு கொப்பும் முறிக்கமாட்டன்."

தகரத் துண்டு மரத்துக்குக் காவல் நின்றது! கன்று கொடுத்தபோது ஆரோ ஒரு மேதாவி, இது அரசாங்கச் சொத்து, கவனமாகப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறான். ஊர் முழுக்க அதை அப்படியே பிடித்துக்கொண்டது. செத்த தோடைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர்களையும் நான் கண்டிருக்கிறேன். நோயைப் பரப்புகிற மரத்தைத் தொட ஆளில்லை, பயத்தில்.

ஆக, தேவைப்பட்டது ஒரு கடுதாசி. ஒரே ஒரு கடுதாசி.

கந்தோருக்குப் போய் எழுதினேன். பூச்சி, குருத்து, கறிவேப்பிலை, சீலைத் துண்டு, எல்லாம். மூன்று பிரதி. ஐயா வாசித்தார். சிவப்புப் பென்சில் எழும்பியது.

"இந்தப் பூச்சியை ஆர் கண்டது?"

"பக்கத்து வளவுக்காரி ஐயா. இத்தாவில இருக்கிற பொம்பிளை."

"நீர் கண்டனீரோ?"

"உள்ளுக்குப் போக ஏலா ஐயா. இலையை அனுப்பினாங்க. பெட்டியைத் திறக்கக்குள்ள பூச்சி இல்லை."

"தோடையில?"

"குருத்து முத்திட்டுது ஐயா. இப்ப அதிலயும் இல்லை."

"அப்ப நீர் கண்டது மஞ்சள் இலை. அதை மட்டும் எழுதும்."

பூச்சி போயிற்று. சீலைத் துண்டு போயிற்று. மூன்று பிரதியிலும் ஒரே இடத்தில் ஒரே கோடு. கடைசியில் மிஞ்சியது "இலைகள் மஞ்சளித்துள்ளன" என்ற ஒரு வரி. அதைப் பார்த்து ஐயா, கடற்கரை மணல், துத்தநாகச் சத்துக் குறைவு என்று முடிவு கட்டி, தெளிக்க மருந்து எழுதித் தந்தார். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. அந்தக் காலத்தில் அதற்குமேல் எவருக்கும் தெரியாது, அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கழுத்துக் கண்ணாடியைப் பிடுங்கி வேலிக்கு மேலால் எறிந்தால் என்ன என்று நினைத்தேன். எறிந்திருக்க வேண்டும்!

வீட்டில் வந்து புலம்பினேன். என் மனைவி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள், "நீங்கதானே உள்ளுக்குப் போக ஏலா. நான் போகலாம்தானே?"

"நீ போய் என்னத்தைக் காணப்போறா?" என்று சொல்லிச் சிரித்தேன். பாருங்கள், ஐயாவுக்கு ஒரு பென்சில் என்றால் எனக்கு ஒரு வாய். அவள் என்னோடு கதை வளர்க்கவில்லை. அடுத்த நாளே இத்தா வீட்டைப் பார்க்கப் போகிறேன் என்று சீனியும் தேயிலையும் கட்டிக்கொண்டு சாய்ந்தமருதுக்குப் போய்விட்டாள். பின்னேரம் வந்து சொன்னாள்.

"கிணத்தடி மரத்தில பின்குருத்து ஒண்டில அந்தப் பூச்சி அஞ்சாறு இரிக்கி. சுஜூதுதான். நானும் கண்டன். இப்ப எழுதுங்க, உங்கட பொஞ்சாதி கண்டதெண்டு."

பெண்சாதியின் பெயரை அரசாங்க அறிக்கையில் எழுதுவதா? கந்தோரில் சிரிப்பார்கள். எழுதவில்லை.

மருந்து வந்தது. நான் வேலிக்கு வெளியே நின்று அளவு சொல்ல, ராத்தாவின் தம்பி உள்ளே கைப்பம்பால் தெளித்தார். சத்துக் குறைவென்றால் சில கிழமையில் இலை பச்சை பிடிக்கவேண்டும். பிடிக்கவில்லை. ராத்தா சொன்னபடியே தன் மூன்று மரத்தையும் கறிவேப்பிலையையும் வெட்டிவிட்டார். எங்கள் ஊரில் ஒரு பெண் காய்க்கிற மரத்தை வெட்டச் சொல்வதென்றால் சும்மா காரியமில்லை. "புருசன் மௌத்தான கவலையில அவளுக்குப் புத்தி பேதலிச்சிட்டு" என்று அயலில் கதைத்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் தோடை மூன்றும் தகரத்தோடு நின்றன.

அடுத்த மாரி வந்தது. ராத்தா இத்தா முடித்து மாதங்களாகியிருந்தன. தம்பியை அனுப்பி என்னைக் கூப்பிட்டார். போனேன். முதல் தடவையாக அந்த வளவுக்குள் கால் வைத்தேன். ராத்தா சீலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு கிணற்றடியில் நின்றார். தம்பி பக்கத்தில் நின்றார்.

"வந்து உங்கட கண்ணால பாருங்க தம்பி."

கிணற்றடியில் இரண்டு மரம். இரண்டிலும் வெளுத்துப்போன நீலச் சீலைத் துண்டு. இரண்டும் மஞ்சள். அதே ஒருபக்க மஞ்சள். காயைப் பிளந்தேன், விதை சூம்பிக் கறுத்திருந்தது. மற்ற நாலும் பச்சைப்பசேல் என்று நின்றன. அவற்றில் ஒன்றின் குருத்தைக் குனிந்து பார்த்தேன். கண்ணாடி தேவைப்படவில்லை. தலையைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று.

"வந்திட்டு தம்பி. இனிச் சுணங்க ஏலா. இப்ப அந்தத் தோடையை வெட்டினா மூணு மரமெண்டாலும் தப்பும். இப்ப எழுதலாம்தானே? இப்ப நீங்க கண்டீங்கதானே?"

"ஓம் ராத்தா. இப்ப எழுதலாம்."

எழுதினேன். என் வாழ்க்கையில் அதைவிடச் சுத்தமாக ஓர் அறிக்கை எழுதவில்லை. கண்டது மட்டும். எத்தனை இலை, எந்தத் திசை, எந்தக் குருத்தில் எத்தனை பூச்சி. மூன்று பிரதி. கையெழுத்தும் போட்டேன்.

அந்தக் கிழமைதான் என்னை நிரந்தரமாக்கும் கடிதம் ஐயாவின் மேசைக்கு வந்திருந்தது. அவர் கையெழுத்து வைத்து மேலே அனுப்பவேண்டும். நான் அறிக்கையைப் பிடித்துக்கொண்டு அவருடைய அறை வாசல்வரை போனேன். அவர் தலைக்குப் பின்னால் அந்தப் படம் தொங்கியது. பந்தல், மாலை, தோடங்கன்று. ஐயா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன காணும்?"

"ஒண்டுமில்லை ஐயா."

திரும்பி வந்து மூன்று பிரதியையும் என் மேசை லாச்சிக்குள் வைத்தேன். கையெழுத்து விழட்டும், அடுத்த கிழமை கொடுப்போம் என்று நினைத்தேன். அடுத்த கிழமை கையெழுத்து விழுந்தது. ஐயா ஒரு கேள்வி கேட்காமல் வைத்தார். பிறகு, மேலிடத்திலிருந்து பதில் வரட்டும் என்று நினைத்தேன். பதில் வந்தபிறகு, இவ்வளவு நாள் ஏன் சுணங்கினாய் என்று கேட்பாரே என்று பயந்தேன். மனைவி ஒவ்வொரு நாளும் கேட்பாள், "கடுதாசியைக் குடுத்தாச்சா?" முதலில் "நாளைக்கு" என்றேன். பிறகு அவள் மேல் எரிந்து விழுந்தேன். பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

ராத்தாவும் கேட்டார். ஆள் விட்டுக் கேட்டார், நேரிலும் கேட்டார். இரண்டாம் தடவை அவர் கேட்டபோது என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஐயா விடுறார் இல்லை ராத்தா."

என்ன இலேசாக வந்தது அந்தப் பொய்! ஊரில் எல்லாரும் நம்பினார்கள். யாழ்ப்பாணத்து ஐயா, கண்டிப்பான ஆள், சிவப்புப் பென்சில். நம்பாமல் என்ன?

இரண்டு மாரிக்குள் அந்த வளவில் ஒரு தேசியும் மிஞ்சவில்லை. தோடைகளும் குச்சிக் குச்சியாகச் செத்தன, தகரம் மட்டும் மினுங்கியது. செயினம்பு ராத்தா என்னுடைய ஊருக்கே வேலைக்கு வரத் தொடங்கினார், தறிக்காரர் வீடுகளில் நூல் சுற்ற. காலையில் மூத்த மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் கடப்படியைத் தாண்டிப் போவார். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளை அது. நான் சைக்கிளை வெளியே எடுக்கிற நேரமும் அவர் போகிற நேரமும் ஒன்றாகவே இருந்தது. சிரித்து, "சுகமா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போவார். நான் நேரத்தை மாற்றிக்கொண்டேன்.

கனகசபை ஐயாவுக்கு இடமாற்றம் வந்தது. போவதற்கு முதல் நாள், மாதிரித் தோட்டத்தைக் கடைசியாக ஒருதரம் பார்க்கவேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வேலி சரிந்து கிடந்தது. அந்தப் பக்கம் ஒன்பது அடிக்கட்டைகள் தெரிந்தன.

"உது எப்ப நடந்தது?"

மறைக்க ஏலவில்லை. சீலைத் துண்டுக் கதையை முழுதாகச் சொன்னேன்.

"நீர் உள்ளுக்கை போய்ப் பாத்தனீரோ?"

"ஓம் ஐயா."

"உம்மடை கண்ணாலை? பூச்சியையும்?"

"ஓம் ஐயா."

"எழுதினனீரோ?"

"எழுதினன் ஐயா. குடுக்கல்ல."

ஐயா லேஞ்சியை எடுத்தார். கண்ணாடியை மூன்று தரம் துடைத்தார். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை, ஆனாலும் துடைத்தார்.

"கண்டதைத்தானே காணும் எழுதச் சொன்னனான். தந்திருந்தா அண்டைக்கே வெட்டியிருப்பன்."

ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அவர் சும்மா ஆறுதலுக்குச் சொன்னாரோ என்று நினைக்க நான் எத்தனையோ தரம் முயன்றிருக்கிறேன். முடியவில்லை. ஒரு பாய் அகலத்துக்காகக் கொட்டும் மழையில் என்னைச் சவளக்கடைக்குத் திருப்பி அனுப்பிய மனிதன், மூன்று தோடங்கன்றுக்காகக் கண்ணை மூடியிருக்க மாட்டார். படத்துக்குப் பயந்தது நான். அவர் அந்தப் படத்தைத் திரும்பிப் பார்த்ததைக்கூட நான் ஒருநாளும் கண்டதில்லை.

பல வருடம் கழித்து, நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், திணைக்களத்துச் சுற்றறிக்கை ஒன்றில் அந்தப் பூச்சியின் படம் வந்தது. நோயைக் காவுவது அதுதான் என்று வெளிநாடுகளில் கண்டுபிடித்துவிட்டார்களாம். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு செயினம்பு ராத்தாவிடம் போனேன். உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனேன். மகள் வீட்டில் பாயில் இருந்தார். பார்வை மங்கியிருந்தது. படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

"இவன்தான்! சுஜூதுக்காரன்!" என்று சிரித்தார். "ஆரு தம்பி கண்டுபிடிச்சது?"

"வெளிநாட்டுக்காரங்க ராத்தா."

"நல்லம். அவங்களுக்கு ஆரும் கோடு கிழிக்கல்லப் போல." பிறகு என் கையைத் தட்டிச் சொன்னார். "நீங்க நல்ல மனிசன் தம்பி. எனக்காகப் போய்க் கதைச்சீங்க, எழுதினீங்க. அந்த ஐயாவைத்தான் நான் பொறுக்கமாட்டன். மறுமையில சட்டையைப் பிடிச்சுக் கேப்பன்."

நான் "ஓம் ராத்தா" என்றேன். தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மனிதருக்கு மனிதர் செய்த அநியாயத்தை, அந்த மனிதர் பொறுத்தால் ஒழிய இறைவனும் பொறுக்கமாட்டான் என்று சின்ன வயதில் ஓதியவன் நான். வருகிற கிழமை போய்ச் சொல்வோம், நோன்பு முடியட்டும், பெருநாள் போகட்டும் என்று இருந்தேன். லாச்சிப் புத்தி. ராத்தா மௌத்தாகிவிட்டார்.

ஜனாஸாவுக்குப் போனேன். தொழுகைக்கு நிற்கும்போது, வழக்கப்படி அவருடைய தம்பி எங்களைப் பார்த்துத் திரும்பினார். அவரும் கிழவராகிவிட்டார். "என்ட ராத்தாவால ஆருக்கும் ஏதும் மனத்தாக்கம் இருந்தா, அல்லாவுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்க" என்றார்.

எல்லாரும் "பொறுத்துக்கொண்டோம்" என்றார்கள். முன்வரிசையில் நின்ற நானும் அவர்களோடு சேர்ந்து, "பொறுத்துக்கொண்டோம்" என்றேன்.